தீபாவளி வெடிச்சத்தம்: வீட்டுக் கோழிகளைக் காப்பது எப்படி?

தீபாவளி வந்தாச்சு. நமக்குக் கொண்டாட்டம், கொல்லையில் நிற்கும் கோழிக்குத் திண்டாட்டம். வெடிச்சத்தத்தில் மிரளும் கோழிகள் ஒரே மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அடியில் மாட்டிக்கொள்ளும் கோழி மூச்சுத் திணறிச் செத்துப்போகும். தப்பியவையும் சில நாள் முட்டையிடாமல் போகலாம், தோல்முட்டையும் இடலாம்.

இதைத் தவிர்ப்பது சுலபம்தான்.

தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளியன்று காலை 6 முதல் 7 மணி வரையும், இரவு 7 முதல் 8 மணி வரையும் பட்டாசு வெடிக்க அனுமதி தரப்படுகிறது. முந்தைய நாளே சத்தம் தொடங்கிவிடும் என்பதால், அன்று மாலையே இருட்டும் முன் கோழிகளை அடைத்துவிடுங்கள்.

கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. அதனால் அசையாமல் அடங்கிவிடும். வெளிச்சம் விழாதபடி, தெருப் பக்கம் மட்டும் நனைத்த சாக்கைக் கட்டுங்கள். தீப்பொறி பட்டாலும் பற்றாது. தார்ப்பாயால் முழுசா மூடாதீங்க, காற்றோட்டம் நின்றுவிடும். கூண்டின் மூலைகளில் வைக்கோலைத் திணித்து வையுங்கள். குஞ்சுகளை வீட்டுக்குள் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்கலாம்; வட்டமாக இருப்பதால் குவிய மூலை கிடையாது.

காலையில் அவசரப்பட்டுத் திறந்துவிடாதீங்க. பட்டாசுக் குப்பையையும் சிதறிய மருந்தையும் முதலில் பெருக்கி அள்ளுங்கள். கோழி எதையும் கொத்திப் பார்க்கும். தண்ணீரையும் மாற்றுங்கள்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, காயம் இருந்தாலோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். 1962 என்ற கட்டணமில்லா எண்ணிலும் உதவி கேட்கலாம்.