பழைய காரும் புதுப் பில்லும்

"இந்தா, இங்கே கொஞ்சம் வந்து பாரேன்!" என்று அவர் ஹாலிலிருந்து கூப்பிட்ட வேகத்தில், யாருக்கோ உடம்புக்கு ஏதோ என்று பயந்து கரண்டியும் கையுமாக ஓடினேன். செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் ஒரு கறுப்புக் கார், கண்ணாடி மாதிரி பளபளத்தது.

"புதுசிலே 55 லட்சம். இப்போ 13 லட்சம்தான்!"

ஜெர்மன் கார். பெயரைச் சொல்லப் போவதில்லை. வாசகிகளில் யார் வீட்டு வாசலிலாவது அதுவே நின்றுகொண்டிருக்கும், எனக்கு எதற்குப் பொல்லாப்பு?

ரிடையரானபோது வந்த பணத்தில், பெண் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்தது போக 15 லட்சம் பாங்கில் இருந்தது. அதைத் தூக்கி ஒரு தகர டப்பாவில் போடுவதா என்று என் வாய் வரை வந்துவிட்டது. ஆனால் கேட்கவில்லை. காரணம் உண்டு. என் மாமனார் ஆழ்வார்பேட்டையில் ஒரு பெரிய மனிதர் வீட்டு டிரைவர். அந்த வீட்டில் இம்பாலா கார். ஞாயிற்றுக்கிழமைகளில் இவரும் சின்னப் பையனாகக் கூடப் போய் அதைத் துடைப்பாராம். துடைக்கலாம், ஏறி உட்காரக் கூடாது. மாமியாரோ அந்த வண்டியைத் தெருவில் போகும்போது பார்த்ததோடு சரி.

ஆகவே, "மெக்கானிக் பாயிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே" என்று மட்டும் சொன்னேன்.

பாய் எங்கள் பழைய மாருதியை இருபது வருஷமாகப் பார்ப்பவர். டீயை உறிஞ்சிக்கொண்டே முதலில் என்னைத்தான் பார்த்தார். "அம்மா, காரு விலைதான் எறங்கும். பார்ட்ஸ் விலை எறங்காது. நீங்க வாங்கப்போறது 13 லட்ச ரூவா காரு இல்லே, 55 லட்ச ரூவா காரு. பில்லு அந்தக் கணக்குலேதான் வரும். ஹெட்லைட் ஒண்ணு உடைஞ்சா லட்சத்தைத் தொடும்."

"புதுப்பேட்டையில் கிடைக்காதா?" என்றார் இவர்.

"கிடைக்கும் சார். மாட்டினா எரியணுமே! இந்த வண்டியிலே பாதி சாமான் கம்ப்யூட்டர்கிட்டே பேர் பதிஞ்சாத்தான் வேலை செய்யும்."

இவருக்கு முகம் சுண்டிவிட்டது. பாய்க்கே பாவமாகப் போய், "சரி, நாளைக்குக் காலையிலே போய்ப் பார்ப்போம். இன்ஜினைச் சூடு பண்ணி வைக்க வேணாம்னு முன்னாடியே சொல்லிடுங்க" என்றார்.

மறுநாள் ஏழு மணிக்கே போனோம். கதவைத் திறப்பதற்கு முன்பே பாய் பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. முதல் பரீட்சை பாஸ். ஆனால் வண்டி ஒரு மூலையில் மாடு படுத்த மாதிரி தாழ்ந்து கிடந்தது. இந்த ரகத்துப் பெரிய கார்கள் சிலவற்றில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் இருக்கின்றனவாம். பையில் ஓட்டை இருந்தால் இராத்திரியோடு காற்று இறங்கி, விடிந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும். பகல் பதினொரு மணிக்குப் போயிருந்தால், வண்டியை ஸ்டார்ட் செய்து நிமிர்த்தி வைத்திருப்பார்கள்!

மீட்டர் 48,000 கிலோமீட்டர் காட்டியது. டிரைவர் ஸீட்டின் ஓரமும் பிரேக் பெடலின் ரப்பரும் வழுவழுவென்று தேய்ந்து கிடந்தன. இது எனக்கே புரிந்தது. வீட்டுக்கு வயசு என்ன என்று வாசற்படி சொல்லாதா? டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்து 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். அதையும் பாய்தான் காட்டிக் கொடுத்தார்.

பிறகு என்னிடம், "பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்கம்மா" என்றார். கடைசி முழத்தில் சேற்றுக் கறை இருந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றது என்று பொருள். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்த சென்னைவாசிகள் இதை மறக்கவே கூடாது. ஸீட்டையும் தரை விரிப்பையும் கழுவிவிடலாம், சுருட்டி வைத்த பெல்ட்டை யார் கழுவுகிறார்கள்? நல்ல வேளை, இதில் கறை இல்லை.

நம்பர் பிளேட்டில் டில்லி எழுத்து. அங்கே 10 வருஷம் கடந்த டீசல் கார்கள் ஓடக் கூடாது என்று 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொல்லிற்று. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் கொஞ்சம் தளர்த்தியதென்றாலும், அந்தப் பயத்திலேயே மலிவு விலைக்குத் தெற்கே வந்து சேர்ந்த கார்கள் ஏராளம். மலிவுதான், ஆனால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். இங்கே மறுபடி பதிவு செய்து ஆயுள் வரியும் கட்ட வேண்டும். பழைய சொந்தக்காரர் பாங்கில் கடன் வாங்கியிருந்தால், ஆர்.சி.யில் அந்தப் பதிவு நீக்கப்பட்டதா என்று பார்ப்பது அவசியம். இன்ஷூரன்ஸையும் 14 நாட்களுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அவர் சேர்த்து வைத்த போனஸ் தள்ளுபடி அவரோடேயே போய்விடும், நமக்கு வராது. இந்த வரிச் சமாசாரம் எதையும் தரகர் மூச்சுக்கூட விடவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். வரி, காற்றுப் பை, நாலு டயர் எல்லாம் சேர்த்தால் 13 லட்சம் 17-ஐத் தாண்டியது. அவர் ஒன்றும் பேசவில்லை. அன்று இரவு மோர் சாதம் போதுமென்று எழுந்துவிட்டார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

நான்தான் மறுபடி பேச்சை எடுத்தேன். "வேறே பார்ப்போம். மெட்ராஸ் நம்பர், ஒரே சொந்தக்காரர், பெட்ரோல் வண்டி. ஸர்வீஸ் பில் அத்தனையும் பைலில் இருக்கணும். ஒரு படி சின்னதானாலும் பரவாயில்லை. வாங்குவதற்கு முன்னால் 3 லட்சத்தை ரிப்பேருக்கென்று என் பெயரில் டெபாஸிட் போட்டுவிடணும்."

"உன் பெயரிலா?"

"என் பெயரில்தான்!"

நாலு மாசம் ஆயிற்று. ஒன்பது வண்டிகளைப் பார்த்துப் பாய் எட்டைத் தள்ளினார். ஒன்பதாவது ஒரு டாக்டருடையது, 10 லட்சம். ஐந்து வருஷத்துப் பில்களையும் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தார், புண்ணியவான். டெபாஸிட்டில் இதுவரை 38,000 கரைந்திருக்கிறது, பிரேக்குக்காக.

வண்டி வந்த வெள்ளிக்கிழமை, மாமியாரைப் பின் ஸீட்டில் உட்கார வைத்துக் கபாலி கோயிலுக்குப் போனோம். 82 வயசு. வழி நெடுகப் பேசவேயில்லை, ஸீட்டின் தோலைத் தடவிக்கொண்டே வந்தார். ஸீட் ரொம்பத் தாழ்வாக இருப்பதால், சந்நிதித் தெருவில் அவரை இறக்குவதற்குத்தான் நானும் இவரும் ஆளுக்கொரு கை கொடுக்க வேண்டியிருந்தது.