கீழே இறக்கினா... கிடுகிடு!

''டேய், நீ மெக்கானிக்கல்தானே படிக்கிறே? ஒரு டவுட்டு!''

ராத்திரி பதினோரு மணிக்கு போன். எடுத்தா, கலிபோர்னியாவில் வேலை பார்க்கிற எங்க பெரியப்பா பையன். அண்ணன்கிட்ட இருக்கிறது 2003 மாடல் ஹோண்டா எஸ்2000. செகண்ட் ஹேண்ட்தான், ஆனா செம வண்டி பாஸ்! 1999-ல் வந்து 2009-ல் உற்பத்தி நின்றுபோன ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். அண்ணனோட மாடலில் இருக்கிற 1,997 சிசி இன்ஜின் 9,000 ஆர்பிஎம் வரை கதறும். பவர் போறது பின் சக்கரங்களுக்கு.

போன மாசம் லோயரிங் ஸ்பிரிங் போட்டு காரை 4 சென்டிமீட்டர் கீழே இறக்கிட்டாராம். ''லுக் சூப்பர்டா! ஆனா செகண்ட் கியர்ல மிதிச்சா பின்னாடி கிடுகிடுன்னு ஆடுது. காலை எடுத்தா நின்னுடுது.'' மருந்தும் அவரே எழுதி வெச்சிருந்தார். தடிமனான ஆக்ஸில் ஷாஃப்ட், டிஃபரன்ஷியலுக்குக் கெட்டியான மவுன்ட், கூடவே 4.44 ஃபைனல் கியர். எல்லாமே ஆஃப்டர் மார்க்கெட், அதாவது வெளிக் கம்பெனி பார்ட்ஸ். காசு? பொங்கலுக்கு ஊருக்கு வர டிக்கெட்டுக்காக எடுத்து வெச்சது. பெரியம்மாவுக்குத் தெரியாது!

''காலையில சொல்றேன்ணா''னு வெச்சுட்டு, ஹாஸ்டல் ரூமில் பேப்பரும் பேனாவுமா உட்கார்ந்தேன்.

காலை எடுத்தா ஆட்டம் நிக்குதுங்கிறதுதான் முதல் துப்பு. வீல் பேலன்ஸ் கோளாறுன்னா ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் ஆடும். இது லோடு ஏறும்போது மட்டும் வருது. அப்போ சந்தேகம் ஷாஃப்ட்டோட உள்பக்க ஜாயிண்ட் மேல. டிஃபரன்ஷியல் பக்கம் இருக்கிற இந்த ஜாயிண்ட்டுக்குப் பேர் டிரைபாட். முக்காலி மாதிரி மூணு கால், ஒவ்வொரு காலிலும் ஒரு உருளை. ஒரு கிண்ணத்துக்குள்ளே இருக்கிற மூணு பள்ளங்களில் உருளைகள் முன்னும் பின்னும் ஓடும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது ஷாஃப்ட் நீளம் மாற வேண்டியிருக்கே, அதைச் சமாளிக்கிறது இதுதான்.

ஷாஃப்ட் நேரா இருக்கிற வரை பிரச்னை இல்லை. சாய்ந்த நிலையில் முறுக்கு ஏறினா, ஒரு சுற்றுக்கு மூணு தடவை உருளைகள் ஷாஃப்ட்டை உள்ளே வெளியே தள்ளும். சாய்வும் முறுக்கும் கூடக் கூட, தள்ளலும் கூடும். அண்ணன் கார் டயரை வெச்சு கணக்குப் போட்டேன். 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 11 சுற்றுக்கு மேல சுத்துது. மூணால பெருக்கினா, நொடிக்கு சுமார் 34 உதைகள். கிடுகிடுக்காம என்ன பண்ணும்?

சாய்வு எவ்வளவு? ஷாஃப்ட் 40 சென்டிமீட்டர், முதலில் மட்டமா இருந்ததுன்னு வெச்சுக்குவோம். 4 சென்டிமீட்டர் இறக்கினா கிட்டத்தட்ட 6 டிகிரி. (சில கார்களில் ஷாஃப்ட் முதலிலேயே சக்கரம் பக்கம் கீழே சாய்ஞ்சிருக்கும். அங்கே அளவா இறக்கினா நேராகி, நல்லதாகூட முடியலாம்!)

மறுநாள் எங்க லேபில் கிடந்த ஒரு பழைய காரோட ஷாஃப்ட்டைப் பிரிச்சுப் பார்த்தேன். கை முழுக்க கறுப்பு கிரீஸ். துடைச்சுட்டு பள்ளத்தில் நகத்தால் தடவினா, ஒரு இடத்தில் 'டக்'குனு தட்டுது. வருஷக்கணக்கா உருளை ஓடி ஓடித் தேய்ஞ்ச தடம். காரை இறக்கினதும் உருளை இந்தத் தடத்தோட விளிம்பில் வந்து நிக்கும். 20 வருஷம் தாண்டின எஸ்2000-ல் இப்படித் தடம் இருக்கிறது ஆச்சரியமே இல்லை. ஆக, கோளாறு ரெண்டு. தேய்மானம் பழசு, சாய்வு புதுசு.

இப்போ அண்ணனோட லிஸ்ட்டுக்கு வருவோம். தடிமனான ஷாஃப்ட் முறியாம இருக்க உதவும். டர்போ மாட்டினவங்களுக்குத் தேவைப்படலாம். ஆனா அதுவும் அதே 6 டிகிரியில்தான் நிக்கும். புது ஜாயிண்ட்டோட வந்தா ஆட்டம் குறையும், கொஞ்ச நாளைக்கு! கெட்டி மவுன்ட் போட்டா டிஃபரன்ஷியல் அசையாது, ஆனா ரப்பர் விழுங்கிட்டிருந்த அதிர்வும் சத்தமும் நேரா முதுகுக்கு வரும். 4.44 கியர்தான் பெரிய காமெடி. ஒரிஜினல் 4.10. மாத்தினா சக்கரத்துக்குப் போற முறுக்கு 8 சதவிகிதம் கூடும். பிக்கப் பிரமாதம்தான், ஆனா அந்தக் கூடுதல் முறுக்கும் நோயாளி ஜாயிண்ட் வழியாத்தானே போகணும்?

உருப்படியான வெளிப் பார்ட் ஒண்ணு உண்டு. டிஃபரன்ஷியலுக்கும் ஜாயிண்ட்டுக்கும் நடுவில் வைக்கிற சில மில்லிமீட்டர் ஸ்பேசர். உருளையைத் தேயாத இடத்துக்கு நகர்த்திடும். அளவு மீறினா, சஸ்பென்ஷன் அமுங்கும்போது ஷாஃப்ட் உள்ளே முட்டும், ஜாக்கிரதை! சாய்வையே குறைக்கணும்னா டிஃபரன்ஷியலை மேலே தூக்கணும். நிஸான் சில்வியா வெச்சு டிரிஃப்ட் பண்றவங்க பின்பக்க சப்ஃப்ரேமையே உயர்த்தி மாட்டுறாங்க. அது பெரிய வேலை.

ஆனா எஸ்2000 ஓட்டுறவங்க ரொம்ப நாளா செய்யற ஒரு வைத்தியம் இருக்கு. இடது, வலது உள்பக்கக் கிண்ணங்களைக் கழற்றி, பக்கம் மாத்தி மாட்டுறது. கிண்ணம் திரும்பி நிக்கிறதால, இதுவரை அடிவாங்காத சுவரில் உருளை ஓடும். செலவு? புது கிரீஸ், கிளிப், ரப்பர் பூட், ஒரு நாள் உழைப்பு. பூட் கிழிஞ்சிருந்தா மட்டும் அலட்சியமே கூடாது. கிரீஸ் வெளியே போய் மண்ணு உள்ளே வந்தா ஜாயிண்ட் சீக்கிரமே காலி.

எல்லாத்தையும் போனில் சொன்னேன். ''முதல்ல கிண்ணத்தை மாத்துங்க. பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டா இன்னும் நல்லது.''

''ஸ்பிரிங் பத்தி மட்டும் பேசாதே!''னு கட் பண்ணிட்டார்.

அடுத்த ஞாயிறு போட்டோ வந்தது. முழங்கை வரை கிரீஸ், முகத்தில் சிரிப்பு. ஆட்டம் முக்கால்வாசி போயிடுச்சாம். முழுசா மிதிச்சா மட்டும் லேசா உறுமுதாம். அதுக்கு ஸ்பேசர் வாங்கலாமான்னு கேட்டிருந்தார். பொங்கல் டிக்கெட் போட்டாச்சு. ஸ்பிரிங் இன்னும் கழட்டலை.