சல்லடையில் சிக்கும் கோரை

கரக் டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். அஜ்மான் முவைஹாத்தில் பெரிய முற்றத்தோடு வில்லா எடுத்திருக்கும் நண்பர் கேட்டார்: "பாலைவனத்துல இவ்வளவு களை எங்கேருந்து சார் வருது?"

நாம்தான் கொண்டுவந்தோம். வெறும் மணலில் கத்தரி வராதென்று பிக்கப்பில் 'ஸ்வீட் சாயில்' இறக்கினோம், மாட்டெரு போட்டோம். மண்ணோடு கோரைக்கிழங்கும் எருவோடு புல் விதையும் வந்து இறங்கின. நாம் தினமும் விட்ட தண்ணீர் மீதியைப் பார்த்துக்கொண்டது.

அவர் பாத்தியில் ஒரு கோரையை மண்வெட்டியால் ஆழத் தோண்டிக் காட்டினேன். மேலே நாலு இலை. கீழே கறுப்புக் கம்பிபோல் வேர்த்தண்டு, அதில் ஒரு சாணுக்குள் ஐந்து கிழங்கு, உத்திராட்சம் கோத்த மாதிரி. நசுக்கினால் நலங்குமாவு வாசம். நம் பாட்டிமார் அரைத்துப் பூசியதும் இதைத்தான். இலையைப் பிடித்து இழுத்தால் சங்கிலி அறுகிறது. அதுவரை தூங்கிக்கிடந்த மற்ற கிழங்குகள் விழித்துக்கொண்டு முளைவிடும். "ஒன்றைப் பிடுங்கினால் நாலு வருது" என்று அவர் மனைவி புலம்புவது பிரமை இல்லை.

கோரை பெரும்பாலும் விதையால் பரவுவதில்லை, கிழங்கால்தான் பரவுகிறது. கிழங்குக்கு ஆகாதவை இரண்டு: நிழல், காய்ச்சல். ஊர்க் களிமண்ணில் செய்ய முடியாத ஒன்றை இந்த மணலில் செய்யலாம், சலித்துவிடலாம். ஒரு பாத்திக்குத் தண்ணீரை நிறுத்தி, ஒரு முழம் ஆழம் தோண்டி, கொத்தனார் மணல் சலிக்கும் சல்லடையில் போட்டு, சிக்கிய கிழங்கை வெயிலில் பரப்புங்கள். சில நாளில் சுருங்கிச் செத்துவிடும். இதை விடியற்காலையில் செய்யுங்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளி வேலைக்கு அமீரகத்தில் தடை உண்டு. தோட்டக்காரரை அந்நேரம் இறக்கவேண்டாம். சலித்த பாத்தியில் சர்க்கரைவள்ளிக் கொடியைப் படரவிட்டால், தப்பிய கோரைக்கு வெளிச்சம் கிடைக்காது. கொடி மூடும்வரை மட்டும் களைக்கொத்தியோடு உட்கார வேண்டியிருக்கும்.

கறுப்பு பிளாஸ்டிக் விரித்தால் போதும் என்று யாராவது சொல்வார்கள். கோரையின் முனை ஊசி, அதைக் குத்திக்கொண்டு வந்துவிடும். ஜூலையில் மண்ணை நன்றாக நனைத்து, ஒளி ஊடுருவும் தெளிந்த ஷீட்டால் ஓரம் அடைத்து ஆறு வாரம் மூடி வைத்தால் புல் விதைகள் பெரும்பாலும் வெந்துபோகும். ஆழத்தில் இருக்கும் கோரைக்கு அது போதாது.

பாத்தியோரம் தானாக முளைக்கும் பருப்புக்கீரையைப் பிடுங்கினால் குப்பையில் போடாதீர்கள். அரபிகள் சாலட்டில் சேர்ப்பது அது. நமக்குக் கடைசல்.

நடவுக்கு வருவோம். ஆகஸ்ட் கடைசியில் விடியலுக்கு முன் தெற்கே சுஹைல் தெரிந்தால் வெயில் இறங்கப்போகிறது என்பது அரபிகள் கணக்கு. நாம் அகத்தியர் நட்சத்திரம் என்பதும் அதைத்தான். அதன் பிறகு நாற்றுவிட்டு, அக்டோபரில் கத்தரி, தக்காளி நடலாம். சொட்டுநீர்க் குழாயைச் செடியின் காலடியில் மட்டும் வையுங்கள். முற்றம் முழுக்க ஸ்பிரிங்ளர் போடுவது களைக்குப் பாசனம் செய்வதுதான். வேலிக்கு எல்லோரும் வைக்கும் டமாஸ் மரத்தை நான் சொல்லமாட்டேன். அதன் வேர் தண்ணீர்க் குழாயைத் தேடிப் போகும்.

தூரத்து மூலையில் ஒரு காஃப் வையுங்கள். 2008-இல் அமீரகம் தேசிய மரமாக்கியது; நம் வன்னிதான், விருத்தாசலம் கோயிலின் தலமரம். சீமைக்கருவேலம் அதன் உறவுதான், கன்றில் குழம்பிவிடாதீர்கள். வேர் பிடித்தபின் காஃபுக்குத் தண்ணீர் அநேகமாகத் தேவைப்படாது. ஈரமில்லாததால் அந்த மூலையில் களையும் குறைவு.

அடுத்த லோடு மண் சொல்வதற்கு முன் ஒரு வாளி மட்டும் கேட்டு வாங்குங்கள். நனைத்து இரண்டு வாரம் வெயிலில் வைத்து, என்ன முளைக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிக்கப்புக்கு போன் பண்ணுங்கள்.