நோயுற்ற நாயும் நம் மனச்சான்றும்

பத்து ஆண்டுகள் வாசலில் நமக்காகக் காத்திருந்த நாயின் தாடைக்கு அடியில் ஒரு நாள் கட்டி தட்டுப்படுகிறது. நிணநீர்ப் புற்றுநோய் என்கிறார் கால்நடை மருத்துவர். சிகிச்சை இல்லையேல் பெரும்பாலும் ஓரிரு மாதங்களே. மனிதருக்குத் தரும் வின்கிறிஸ்டின், டாக்சோரூபிசின் போன்ற மருந்துகளையே நாய்க்கும் குறைந்த வீரியத்தில் ஏற்றுகிறார்கள். பெரும்பாலான நாய்களில் கட்டி வற்றிவிடும். ஆனால் கிடைப்பது ஏறத்தாழ ஓராண்டு. முழுக் குணம் அரிது.

இதற்குச் செலவு செய்யலாமா? விலங்குகளை அன்பு செய்யலாம், அவற்றைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு ஒவ்வாதது என்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, எண் 2418. மனிதரின் துயர் துடைக்க முதலில் சேரவேண்டிய பணத்தை அவற்றுக்குச் செலவிடுவது தகாது என்றும் அதே எண் கூறுகிறது. கண்டிப்பான சொற்கள்தாம். மகளின் கல்லூரிக் கட்டணமும் பக்கத்து வீட்டு முதியவரின் மருந்துச் சீட்டும் கண்முன் இருக்கையில், கடன் வாங்கிக் கீமோ கொடுப்பதை நம்மால் நியாயப்படுத்த இயலவில்லை. வசதி இருந்து செய்பவரைக் குறை கூற நாம் யார்?

பிரெட்னிசலோன் மாத்திரை மட்டும் கொடுத்தால் செலவு குறைவு. சில வாரங்கள் நாய் நன்றாகச் சாப்பிடும். ஆனால் அதைத் தொடங்கியபின் மனம் மாறிக் கீமோவுக்குப் போனால், அம்மருந்துகள் சரிவர வேலை செய்யாமல் போகலாம். எனவே முதல் மாத்திரைக்கு முன்பே வீட்டார் அனைவரும், குழந்தைகளையும் உடன் வைத்துக்கொண்டு, அமர்ந்து பேசிவிடுவோம்.