'ஹெங்கெமட்டெ' போட்ட வேஷம்

இரண்டு மூன்று சொற்களைக் கோத்துப் புதுச்சொல் கட்டுவதில் ஜெர்மன் மொழி பேர்போனது. அந்தக் கூட்டத்தில் என் செல்லம் 'ஹெங்கெமட்டெ'. இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிப் படுப்பார்களே, அந்த வலைத்தூளி! 'ஹெங்கென்' என்றால் தொங்குதல், 'மட்டெ' என்றால் பாய். தொங்கும் பாய்! இதைவிட அசல் ஜெர்மன் கூட்டுச்சொல் கிடைக்குமா?

வேஷத்தைக் கலைத்தால் தூக்கிவாரிப்போடும். பிறக்கும்போது அது கூட்டுச்சொல்லே இல்லை!

கரீபியத் தீவுகளின் டாயினோ மக்கள் பருத்தி நூலில் பின்னிய படுக்கையின் பெயர் 'ஹமாக்கா'. 1492இல் அங்கே போய் இறங்கிய கொலம்பஸ் கூட்டத்தார் அதைக் கண்டார்கள். ஸ்பானியர் வாயில் சொல் அப்படியே ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சில் 'அமாக்' ஆனது. டச்சுக்காரர்களிடம் வந்தபோதுதான் கூத்தே ஆரம்பம்! பொருளோ கண்ணெதிரே தொங்குகிறது; தொங்குவதற்கு அவர்கள் மொழியில் 'ஹாங்கன்'. விடுவார்களா? சொல் 'ஹாங்மாக்' ஆகிவிட்டது. மிச்சமிருந்த 'மாக்' மட்டும் அர்த்தமில்லாமல் நிற்பானேன்? கடைசி ஒலியைத் திருகினால் 'மாட்', அதாவது பாய். 'ஹாங்மாட்' ரெடி! 17ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர் அதை வாங்கித் தங்கள் உச்சரிப்பில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு இதில் பிரமிப்பு என்னவென்றால், எந்தப் பண்டிதரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. எல்லாம் பேசிப் பேசியே நடந்தது.

வில்ஹெல்ம் டெல் கதையில் வரும் குறுக்குவில்லைப் பாருங்கள். ஜெர்மனில் 'ஆர்ம்ப்ருஸ்ட்'. 'ஆர்ம்' கை, 'ப்ருஸ்ட்' மார்பு. கையில் ஏந்தி மார்போடு அணைத்து எய்வதால் வந்த பெயர் என்று அடித்துச் சொல்லத் தோன்றும். மூலமோ லத்தீன் 'ஆர்குபல்லிஸ்டா': வில்லும் எறிபொறியும்! கைக்கும் சம்பந்தமில்லை, மார்புக்கும் இல்லை.

மண்ணுக்கடியில் வளை தோண்டும் 'மௌல்வுர்ஃப்' இன்னொரு ரகம். கேட்டால் வாயால் எறிகிற பிராணி. இடைக்கால ஜெர்மனில் அது 'மோல்ட்வெர்ஃப்', மண்ணை எறிவது. மண்ணைக் குறித்த 'மோல்ட்' மறந்துபோக, பழக்கமான 'மௌல்', விலங்கின் வாய், அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இந்தத் திருவிளையாடலுக்கு ஜெர்மன்காரர்களே 'ஃபோல்க்ஸ்எட்டிமொலொகீ', மக்கள் சொற்பிறப்பியல், என்று பெயரும் வைத்தார்கள். அதுவும் கூட்டுச்சொல்தான்! 1852இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பெயரை நிலைநாட்டியவர் எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டெமன். பின்னாளில் டிரெஸ்டன் நூலகத்துக்குப் போய், அங்கிருந்த மாயா சுவடியின் எண்களையும் நாட்காட்டியையும் படித்துக் காட்டியவரும் அவரேதான்!