பன்னிரண்டு சால்வைகளும் பதினான்கு பேரும்

நம் பத்திரிகையில் சங்கப் பொறுப்பு ஏற்றவர்களின் படங்களும் வாழ்த்துகளும் அடிக்கடி வருகின்றன. மாலை போட்டுக்கொண்டு நிற்பவர் சிரித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் நிற்கும் மனைவியும் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருக்கும் சங்கதியைச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1997 ஜூலை முதல் 1998 ஜூன் வரை என் கணவர் லயன்ஸ் சங்கத்தில் ரீஜன் சேர்மனாக இருந்தார். தமிழ்நாட்டில் அரிமா மண்டலத் தலைவர் என்பார்கள். நான்கிலிருந்து எட்டு சங்கங்கள் சேர்ந்தால் ஒரு வட்டாரம். பத்திலிருந்து பதினாறு சங்கங்கள் சேர்ந்தால் ஒரு மண்டலம். எல்லாவற்றுக்கும் மேலே மாவட்ட ஆளுநர். இவர் பொறுப்பில் பன்னிரண்டு சங்கங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆண்டில் ஒரு தடவையாவது நேரில் போய்வர வேண்டும் என்பது விதி. விதியில் ஒரு தடவை என்றுதான் இருந்தது. நடப்பில் பன்னிரண்டு சங்கத்தாரும் எங்கள் செம்பூர் வீட்டுத் தொலைபேசியை ஓயவிடவில்லை.

லயன்ஸுக்கு ஆண்டு பிறப்பது ஜூலை முதல் தேதி. மும்பையில் மழை கொட்டும் மாதம். தண்டவாளத்தில் தண்ணீர், ரயில் நின்றுவிட்டது என்றாலும் பதவியேற்பு விழா நிற்காது. ஜூலையில் சனி, ஞாயிறு எத்தனை இருக்கப் போகிறது? பன்னிரண்டு விழாக்களும் ஆகஸ்டுக்குள் வழிந்தன. இந்த ஊரில் மரியாதை என்றால் ஷால், ஸ்ரீஃபல். அதாவது ஒரு சால்வை, ஒரு தேங்காய். தேங்காய்களை அரைத்துவிட்ட சாம்பாரில் தீர்த்தேன். சால்வைகள் பீரோவின் மேல்தட்டில் அடுக்கடுக்காக ஏறின.

ஆகஸ்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், கொடியேற்றம். செப்டம்பரில் கணபதி மண்டபங்களில் ரத்ததான முகாம். அக்டோபரில் ஆளுநரின் அதிகாரபூர்வ வருகைகள். எங்கள் வீட்டு நவராத்திரிக் கொலுவுக்கு வந்தவர்கள் எல்லாம், "மாமா எங்கே?" என்று கேட்டார்கள். "மாமா முலுண்டில் இருக்கிறார்" என்று ஒன்பது நாளும் சொன்னேன். பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் பெண், "அப்பாவிடம் ஒரு கணக்குக் கேட்கணும், அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் கொடும்மா" என்றாள். கேலிதான். ஆனாலும் இவர் முகம் சுருங்கியது.

அறுவடை முடிந்து பனி விழத் தொடங்கினால் கண் சிகிச்சை முகாம்களின் காலம். மெல்வின் ஜோன்ஸ் 1917இல் சிகாகோவில் தொடங்கிய இந்த இயக்கத்துக்குக் கண் எப்படிச் சொந்தமாயிற்று என்பது பலருக்குத் தெரியாது. 1925இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நடந்த லயன்ஸ் மாநாட்டில், பார்வையும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர் அம்மையார் நேரில் வந்து பார்வையற்றோருக்காக உதவி கேட்டார். அன்று ஏற்றுக்கொண்ட பொறுப்பு இன்றுவரை தொடர்கிறது. இந்தியாவின் முதல் லயன்ஸ் சங்கம் 1956இல் தொடங்கியது நம் பம்பாயில்தான்.

அந்தக் காலத்தில் கிராமத்துப் பள்ளிக்கூட வகுப்பறையிலேயே பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் கண்புரை அறுவை நடக்கும். கிருமித் தொற்று பயம் அதிகம். தடித்த கண்ணாடி இல்லாமல் பார்வையும் வராது. மதுரையில் 1976இல் பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி போன்றவர்கள் முறையையே மாற்றினார்கள். முகாமில் பரிசோதனை மட்டும். அறுவைக்கு நோயாளியை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கே அழைத்துப் போவது. 1992இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கிய பிறகு, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸும் ஏழைக்கு எட்டும் விலைக்கு வந்தது.

இந்த முறையில் உயிர்நாடி எது தெரியுமா? வண்டி. அழைத்துப் போக ஒரு வண்டி, கொண்டுவிட ஒரு வண்டி, சில நாள் கழித்து மறுபரிசோதனைக்கு இன்னொரு வண்டி. அறுவை முடிந்த பிறகும் வாரக்கணக்கில் சொட்டு மருந்து விட வேண்டும். கண் சிவந்தாலோ வலித்தாலோ உடனே டாக்டர் பார்க்க வேண்டும். அந்தக் கடைசி வண்டிக்கு மேடை கிடையாது, போட்டோ கிடையாது.

டிசம்பர் கடைசியில் முர்பாட் பக்கத்து ஆதிவாசிக் கிராமம் ஒன்றில் முகாம் நடந்தது. பதினான்கு பேருக்கு அறுவை நல்லபடியாக முடிந்தது. படங்கள் எடுத்தோம். மறுபரிசோதனைக்கு ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று குறித்தோம். அதே ஞாயிற்றுக்கிழமை ஆளுநர் கலந்துகொள்ளும் பெரிய விழாவும் வந்தது. இவர் டைரியில் விழா சிவப்பு மையில், பெரிய எழுத்தில் இருந்தது. பக்கத்தின் மூலையில் பென்சிலால் 'முர்பாட், வேன்' என்று இருந்தது.

இருந்த ஒரே வேன் அன்று எங்கே போயிற்று? என்னை ஏற்றிக்கொண்டு போயிற்று. குத்துவிளக்கு, கோலப்பொடி, பூக்கூடை, பட்டுப்புடவை கட்டிய நாங்கள் ஆறு பெண்கள். என் கோலத்தை ஆளுநர் நின்று பார்த்துப் பாராட்டினார். இரவு வீட்டுக்கு வந்து பெருமையோடு படுத்தேன்.

மறுநாள் காலை அந்தக் கிராமத்துப் பள்ளி ஆசிரியர் முர்பாட்டிலிருந்து போன் செய்தார். பதினான்கு பேரும் கறுப்புக் கண்ணாடியோடு காலை எட்டு மணிக்குச் சாலையோர ஆலமரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார்களாம். இருட்டும்வரை இருந்துவிட்டு நடந்து திரும்பினார்களாம். ஆசிரியர் கோபப்படவில்லை. "அடுத்து எப்போது வருவீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

இவர் அன்று ஆபீசுக்கு லீவு போட்டார். "நானும் வருகிறேன்" என்றேன். வேனில் போனது நான் அல்லவா? குர்லா மாறிக் கல்யாண் வரை ரயில், அங்கிருந்து எஸ்.டி. பஸ், பிறகு நடை. முதல் வீட்டில் ஒரு ஆஜி எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். நாங்கள் வாய் திறப்பதற்குள் அவரே கேட்டார், "வழியில் வண்டிக்கு ஏதும் ஆகிவிட்டதா? உங்களுக்கு ஒன்றும் இல்லையே?" நாள் முழுதும் எங்களுக்காகக் கவலைப்பட்டிருக்கிறார்கள்! பால் இல்லாத டீ வைத்துக் கொடுத்தார். குடிக்க முடியவில்லை, குடிக்காமல் இருக்கவும் முடியவில்லை. இவர் உண்மையைச் சொன்னார். "வண்டி கெடவில்லை ஆஜி. நாங்கள்தான் மறந்தோம்."

செவ்வாய்க்கிழமை எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். பதின்மூன்று பேர் நலம். ஒருவருக்கு மட்டும் கண் சிவந்திருந்தது. டாக்டர் மருந்து மாற்றிக் கொடுத்து, இவரைத் தனியே கூப்பிட்டு, "இன்னும் சில நாள் விட்டிருந்தால் நான் பொறுப்பில்லை" என்றார். அந்தக் கண் பிழைத்தது. எங்கள் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன், எங்கள் சேவை என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்த வாரமே இவர் பன்னிரண்டு சங்கங்களுக்கும் கடிதம் எழுதினார். அறுவை செய்துகொண்ட ஒவ்வொருவருக்கும் ஒரு உறுப்பினர் பெயர் போட்டுப் பொறுப்பு. மறுபரிசோதனைக்கு வண்டி ஏற்பாடு ஆன பிறகுதான் முகாமுக்கே தேதி. தமக்கு இனிச் சால்வை, பூங்கொத்து வேண்டாம், அந்தப் பணம் டீசலுக்கு. சிலருக்கு வருத்தம். "மரியாதையை மறுக்கலாமா?" என்றார் ஒரு பெரியவர். ஆனால் மார்ச்சுக்குள் நடந்த மற்ற முகாம்களில் ஒரு மறுபரிசோதனைகூடத் தவறவில்லை. விழாக்கள் இரண்டு தள்ளிப் போயின; யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

பீரோவில் இருந்த சால்வைகள் பன்னிரண்டு. முர்பாட் பக்கம் ஜனவரி இரவில் நல்ல குளிர். செம்பூர்க் கடையில் இரண்டு வாங்கிச் சேர்த்துப் பதினான்காக்கி எடுத்துப் போனேன். ஆஜி சால்வையைத் தடவிவிட்டு, அதன் கரையில் இருந்த சின்னப் பூவை விரலால் தொட்டு, "திஸ்தே, பாயி, திஸ்தே" என்றார். தெரிகிறது, அம்மா, தெரிகிறது.

லயன்ஸோ, ரோட்டரியோ, நம் தமிழ்ச் சங்கமோ, இந்த ஆண்டு பொறுப்பேற்றிருக்கும் சகோதர சகோதரிகளுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். வயதில் மூத்தவள் என்ற உரிமையில் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் டைரியில் பென்சிலால் எழுதியிருப்பதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எங்கோ ஒரு மரத்தடியில் யாராவது காத்துக்கொண்டிருக்கப் போகிறார்கள்.