டிராக்டர் பாட்டரி இறங்குவது ஏன்?

புதியம்புத்தூர், ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரக் கரிசல் காடுகளில் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் ஒரு நாள் தவறினாலும் நஷ்டம்தான். மழை பெய்து, ஈரம் சற்று வாங்கி, மண் காலில் ஒட்டாமல் பதப்படும் நாட்கள் மிகக் குறைவு. அதற்குள் உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி எல்லாம் மண்ணுக்குள் போயாக வேண்டும். அப்படிப்பட்ட ஒரு காலையில் டிராக்டரின் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது. என்ஜின் சுற்றுவதில்லை.

வழக்கமாக நடப்பது என்ன? இன்னொரு டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்து ஸ்டார்ட் செய்கிறார்கள். மறுநாளும் அதே தொல்லை. கடன் வாங்கிப் பல ஆயிரம் ரூபாய்க்குப் புதுப் பாட்டரி மாட்டுகிறார்கள். சில வாரங்களில் அதுவும் படுத்துவிடுகிறது. பல இடங்களில் குறை பாட்டரியில் இருப்பதில்லை. அதற்குச் சார்ஜ் ஏற்றும் அமைப்பில்தான் இருக்கிறது. தீனி போடாத மாட்டை விற்றுவிட்டு வேறு மாடு வாங்கி, அதற்கும் தீனி போடாமல் இருப்பதற்கு ஒப்பானது இது.

குறை மறைந்திருப்பதன் காரணம்

பெட்ரோல் காரில் சார்ஜ் நின்றுவிட்டால் சிறிது தூரத்தில் வண்டியே நின்றுவிடும். பழைய டீசல் டிராக்டர் அப்படி அல்ல. ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் ஓடுவதற்கு அதற்கு மின்சாரம் தேவையில்லை. ஆகவே நாள் முழுதும் உழுதாலும் குறை தெரியாது. மறுநாள் காலையில்தான் தெரியும்.

1960-ல் சென்னையில் தொடங்கப்பட்ட டாபே நிறுவனத்தின் பழைய மாசி பெர்குசன் போன்ற டிராக்டர்களிலும், 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காரின் பழைய மாடல்களிலும் டைனமோவும் 'கட்-அவுட்' எனப்படும் ரெகுலேட்டர் பெட்டியும் இருந்தன. பின்னாளில் ஆல்டர்னேட்டர் வந்தது. எதுவானாலும் சோதிக்கும் வரிசை ஒன்றே. எளியதை முதலில் பார்க்க வேண்டும். செலவு பிடிப்பதைக் கடைசியில் பார்க்க வேண்டும். இதற்குச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டி மீட்டர் ஒன்று போதும்.

முதலில் பாட்டரி

இரவு முழுதும் ஓய்வில் இருந்த 12 வோல்ட் பாட்டரியைக் காலையில் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12.0 என்றால் பெரும்பகுதி இறங்கிவிட்டது. 10.5 அளவிலேயே நின்று, சார்ஜ் ஏற்றியும் உயராவிட்டால் ஒரு செல் செத்துவிட்டது என்று கொள்ளலாம். அப்போதுதான் புதுப் பாட்டரி தேவை.

அடுத்து முனைகளைக் கவனிக்க வேண்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சோடா உப்புக் கரைத்த நீரால் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலைன் தடவ வேண்டும். சோடா நீர் செல்லுக்குள் போய்விடக் கூடாது. எர்த் கேபிள் டிராக்டர் உடலோடு சேரும் இடத்தில் கரிசல் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். அங்கே துருவும் மண்ணும் நீங்கி இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டும்.

எர்த் சரியா என்று அறிய ஒரு வழி உண்டு. கியரை நியூட்ரலில் வைத்து, என்ஜினை நிறுத்தும் குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒருவர் செல்பை அழுத்த வேண்டும். மற்றவர் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும், மறு முனையை என்ஜின் இரும்பிலும் வைக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பில்தான் குறை.

சார்ஜ் ஏறுகிறதா?

என்ஜினை ஓடவிட்டு வேகத்தைச் சற்றுக் கூட்டி, பாட்டரி முனைகளில் மீட்டரை வைக்க வேண்டும். சுமார் 13.8 முதல் 14.5 வோல்ட் காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. நிற்கும்போது காட்டிய அளவிலேயே இருந்தால் ஏறவில்லை. 15-க்கு மேல் போனால் அளவுக்கு மீறி ஏறுகிறது; பாட்டரி நீர் அடிக்கடி வற்றுவதற்கு இதுவே காரணம். ரெகுலேட்டரைச் சரிபார்க்க வேண்டும்.

சார்ஜ் ஏறாவிட்டால் என்ஜினை நிறுத்திவிட்டு முதலில் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை அமுங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் வழுக்கும். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல் மினுங்கினால் மாற்றிவிட வேண்டும். பிறகு ஒயர்களைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் கொட்டகையில் நின்ற டிராக்டரில் எலி கடித்த ஒயர் இருக்கும்.

டைனமோவைத் தனியே சோதித்தல்

டைனமோவில் 'டி', 'எப்' என்று இரு முனைகள் உண்டு. இரண்டின் ஒயர்களையும் கழற்றிவிட்டு, இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் சேர்க்க வேண்டும். மீட்டரை அந்தக் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே வைத்து, என்ஜினை மெதுவாக ஓட்டி வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.

வோல்ட் தடங்கலின்றி மேலேறினால் டைனமோ நலமாக உள்ளது. குறை ரெகுலேட்டர் பெட்டியிலோ இடையிலுள்ள ஒயரிலோ இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும் அல்லது சிக்கியிருக்கும். ஒரு வோல்ட் வரை மட்டும் காட்டினால் பீல்டு காயிலையும், 4 அல்லது 5 வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சரையும் சந்தேகிக்க வேண்டும். 20 வோல்ட்டை எட்டவிடக் கூடாது. சோதனை முடிந்ததும் கம்பியை எடுத்துவிட வேண்டும். அப்படியே வேலைக்கு ஓட்டினால் டைனமோ கருகிவிடும்.

நெடுநாள் ஓடாத டைனமோ, தன்னிடமுள்ள சிறு காந்த சக்தியை இழந்திருக்கலாம். 'எப்' ஒயரைக் கழற்றிவிட்டு, பாட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு ஒயரை 'எப்' முனையில் இரண்டு மூன்று முறை தொட்டு எடுத்தால் அது மீளும்.

இந்தச் சோதனைகளை ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் செய்யக் கூடாது. அதில் சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பல ஆல்டர்னேட்டர்களில் அந்த விளக்கின் வழியாகத்தான் தொடக்க மின்சாரம் போகிறது. சின்ன பல்பு பீஸ் போனாலும் சார்ஜ் ஏறாமல் போகலாம்.

இரவில் இறங்கினால்

சார்ஜ் நன்றாக ஏறியும் காலையில் பாட்டரி இறங்கியிருந்தால் எங்கோ கசிவு உள்ளது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எர்த் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பாட்டரி முனைக்கும் இடையே சிறிய 12 வோல்ட் பல்பு ஒன்றை இணைக்க வேண்டும். பல்பு எரிந்தால் கசிவு உறுதி. ஒவ்வொரு ஒயராகக் கழற்றி வர, எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ அந்த வழியில் குறை. டைனமோ வண்டியில் கட்-அவுட் முனைகள் ஒட்டிக்கொள்வதாலும் இப்படி நேரும்.

கவனிக்க வேண்டியவை

சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் வாயு வெளிவரும். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. கேபிளைக் கழற்றும்போது எர்த்தை முதலிலும், மாட்டும்போது எர்த்தைக் கடைசியிலும் கையாள வேண்டும். என்ஜின் ஓடும்போது பாட்டரியைக் கழற்றினாலோ, கேபிளை மாற்றி மாட்டினாலோ ஆல்டர்னேட்டர் பழுதாகும். டிராக்டரில் வெல்டிங் வைக்கும் முன் பாட்டரி, ஆல்டர்னேட்டர் ஒயர்களைக் கழற்றிவிட வேண்டும். பாட்டரிக்குக் கிணற்று நீரோ போர் நீரோ ஆகாது. அவற்றிலுள்ள உப்பு தகடுகளைக் கெடுக்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும்.

அறுவடை முடிந்து டிராக்டர் சும்மா நிற்கும் மாதங்களில் எர்த் கேபிளைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை பாட்டரியைச் சார்ஜ் செய்வது நல்லது. ஆவணி மாதமே இந்தச் சோதனைகளை ஒருமுறை செய்து முடித்துவிட்டால், பெல்ட்டோ பிரஷ்ஷோ மாற்ற நேரம் இருக்கும். முதல் மழை பெய்த பிறகு மெக்கானிக்கைத் தேடினால், அவர் வீட்டு வாசலில் முன்பே நாலு பேர் காத்திருப்பார்கள். அதற்குள் காட்டில் ஈரம் காய்ந்துவிடும்.